எழுத்து மூலமான அனுமதி

செப்டம்பர் 6

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற உரிமை எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நேற்று சம்மன் வந்தது. என் பேர், அப்பா பேர், வயது எல்லாம் பிழையில்லாமல் போட்டு, ஆகஸ்ட் 25 ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்கள் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததாக எழுதியிருக்கிறார்கள். நான் தவழ்ந்து தாண்டிய வாசல்படிதான். ஆனாலும் வீடு உங்கள் பேரில் இருக்கிறது. அண்ணன் எழுதி வைத்துவிட்டுப் போனது, அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. சொல்லாமல் வந்தது உண்மை. என்னிடம் இருந்த பழைய சாவியால் திறந்ததும் உண்மை. ஒரு துரும்பைக்கூட எடுக்கவில்லை என்பதும் உண்மை. ஏட்டு என் பையைக் கவிழ்த்தே பார்த்தார். ஒரு குடை, தண்ணீர் பாட்டில், அரை பாக்கெட் பிஸ்கட்.

போனில் பேசலாம் என்றால் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். வீட்டு முகவரிக்கு எழுதினால் அதுவும் அத்துமீறல் ஆகிவிடுமோ என்று நீங்கள் வேலை பார்க்கிற விடுதிக்கு எழுதுகிறேன். விடுதிப் பிள்ளைகள் பிரித்துவிடக் கூடாதென்று கவர் மேல் 'வார்டன்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

இந்த மாதிரிக் கேஸில் வழக்கமாக என்ன நடக்கும் என்று விசாரித்துவிட்டேன். போக வேண்டியது, ஆமாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டியது, அபராதத்தைக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டியது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். என்னால் முடியாது. நான் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள். ஊரார் வீட்டுக்குள் போய் வருவதுதான் என் பிழைப்பு. அத்துமீறி நுழைந்தவள் என்று ஒரு தீர்ப்பு வந்துவிட்டால், அபராதம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அடையாள அட்டையை ரத்து செய்துவிடுவார்கள். இப்போதே அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. கேஸ் முடிகிறவரை உள்ளே உட்கார்ந்து பழைய படிவங்களை அடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷம் வெயிலில் நடந்த கால், மேஜைக்கு அடியில் என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கிறது. எனக்கு வேறு வேலை தெரியாது, அண்ணி.

புகார் கொடுத்தவரே நேரில் வந்து திரும்பப் பெற்றுக்கொண்டால் கேஸ் அதோடு முடியும், தீர்ப்பு என்று ஒன்று வராது என்கிறார்கள். 23-ஆம் தேதி முதல் வாய்தா. நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நாத்தனார்


செப்டம்பர் 13

மீட்டர் பார்ப்பவர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். வார்த்தையைப் பற்றி நீங்கள் எழுதுகிறீர்கள்.

போன டிசம்பரில் என் சமையலறையில் நின்றுகொண்டு நீங்கள் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "ரெண்டு நாள் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எங்க அண்ணன் இன்னிக்கு இருந்திருப்பார். நீங்க வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க." அப்போது அவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இனி இந்த வாசல்படியை மிதிக்க வேண்டாம் என்று நானும் அன்றைக்கே சொன்னேன். மிதித்துவிட்டீர்கள். அதற்குத்தான் கேஸ்.

எதற்கு வந்தீர்கள் என்று போலீஸ் கேட்டதற்கு 'சும்மா' என்றீர்களாம். ஏட்டு சொன்னார். ஒன்பது மாதம் எட்டிப் பார்க்காத ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டிய வீட்டைத் திறந்துகொண்டு சும்மா வருவாரா? எதிர் வீட்டுத் தையல்காரர் ஜன்னலில் நடமாட்டம் பார்த்துப் போலீசுக்குப் போன் போட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அவர்கள் உள்ளே போனபோது சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அது கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களாம். தண்ணீர் இலாகாவில் சம்பளம் வாங்குகிறவர் செய்கிற வேலையா அது?

என் விடுதியில் நூற்றிருபது பெண்கள் இருக்கிறார்கள். இரவு சுவர் ஏறி வருகிறவளைக்கூட ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் தண்டிப்பேன். காரணம் சொன்னவளைப் பாதி விட்டிருக்கிறேன். காரணம் சொல்லாதவளை விட்டதில்லை. உங்கள் கடிதத்தில் குடை இருக்கிறது, பிஸ்கட் இருக்கிறது. காரணம் இல்லை. மன்னிப்பும் இல்லை.

23-ஆம் தேதி நான் வரப்போவதில்லை. அன்றைக்கு விடுதி மெத்தைகளை வெயிலில் போடுகிற நாள்.

மறைந்தவரின் மனைவி


செப்டம்பர் 24

அண்ணிக்கு,

பதினாறு வருஷமாக 'வாடி போடி' என்று கூப்பிட்டுவிட்டு என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

நேற்று போனேன். கோர்ட் என்றால் பெரிய மண்டபம், உயரமான மேடை என்றெல்லாம் நினைத்திருந்தேன். எங்கள் அலுவலகத்துப் பில் கட்டும் கூடம் இதைவிடப் பெரிது. நாலு பெஞ்ச், நூறு பேர், ஒரு மின்விசிறி. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்தார்கள். அவருக்கு அன்றைக்கு மட்டும் ஏழு கேஸ். என்னைப் பார்த்ததும், பூட்டிய பள்ளிக்கூடத்தில் படுத்துத் தூங்கியது நான்தான் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அத்துமீறல் மட்டும் அன்றைக்கு ஒன்பது கேஸ். எனக்குக் கடிகாரம் பார்க்கிற புத்தி போகவில்லை, கேஸுக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் நாலு. மூடிய கடை வராந்தாவில் படுத்தவர் ஒத்துக்கொண்டார், அபராதம். மைதானத்துச் சுவர் ஏறிய மூன்று மாணவர்களை எச்சரித்து அனுப்பினார்கள். நீதிபதி எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்கிறார், எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டுகிறார்கள், எழுத்தர் முத்திரை குத்துகிறார். பக்கத்துத் தோட்டத்தில் விழுந்த துணியை எடுக்கப் போய்ச் சண்டையில் முடிந்த ஒரு பெண்மணியும் இருந்தார். தோட்டக்காரரே வந்திருந்தார். "விட்டுடுங்க ஐயா, தெரியாம போலீசுக்குப் போயிட்டேன்" என்றார். இரண்டு பேரையும் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே போகும்போது இரண்டு பேரும் ஆட்டோவுக்குச் சேர்ந்து பேரம் பேசினார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் முறை வந்தது. குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்றார். இல்லை என்றேன். கூடத்தில் அன்றைக்கு 'இல்லை' என்ற ஒரே ஆள் நான்தான். நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். புகார் கொடுத்தவர் என்ன உறவு என்று கேட்டார். அண்ணி என்றேன். "பேசிப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அக்டோபர் 28-க்குத் தள்ளி வைத்தார்.

மன்னிப்பு கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்கக் கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுத்தில் வந்தால் அது குற்ற ஒப்புதல் ஆகிவிடுமாம். காரணமும் அப்படித்தான். காரணத்தைச் சொன்னாலும் என் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். வாயைத் திறந்தாலும் அடி, மூடினாலும் அடி.

இன்னொன்று. இதை நீங்கள் கோர்ட்டில் முதல்முறை கேட்டால் என்னைக் கொன்றுவிடுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த டிசம்பர் நாளில் சண்டை முடிந்து எப்படிக் கிளம்பினாய் என்று வக்கீலம்மா துருவிக் கேட்டார். பையை எடுத்துக்கொண்டேன், செருப்பை மாட்டினேன், 'போயிட்டு வரேன் அண்ணி' என்றேன், நீங்கள் அழுதுகொண்டே 'சரி, போயிட்டு வா' என்றீர்கள். இருந்ததைச் சொன்னேன். வக்கீலம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். "வரச் சொல்லியிருக்காங்க இல்ல?" என்றார். அது வாய்ப் பழக்கம், எல்லோரும் சொல்வது, அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் புத்தியே இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். "பழக்கமோ என்னவோ, முதல்ல மிதிக்காதேன்னாங்க, கடைசியா வான்னாங்க. கடைசி வார்த்தைதான் கணக்கு" என்கிறார். அடுத்த வாய்தாவில் உங்களைக் கூப்பிட்டு இதைத்தான் கேட்கப் போகிறார்.

நாத்தனார்


அக்டோபர் 2

மீட்டர் பார்ப்பவர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? நெஞ்சில் கத்தியைச் செருகிவிட்டுப் போகிறவளையும் 'போயிட்டு வா' என்று அனுப்பினேனே, அது என் அம்மா என்னை வளர்த்த வளர்ப்பு. அதை எடுத்து என் தலையிலேயே போடுவாயா? நீ அன்றைக்கு மட்டும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் நானும் 'போ' என்றிருப்பேன். உனக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இரண்டு வரி 'நீ' என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லை, அப்படியே இருக்கட்டும்.

இனி யார் கிளம்பினாலும் தலையை மட்டும் ஆட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நேற்று காய்கறிக்காரரிடம் ஆட்டினேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

28-ஆம் தேதி வருவேன். சாட்சிக்குக் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாதாம். கேட்டதற்குப் பதில் சொல்வேன். உனக்காக ஒன்றும் கூட்டியோ குறைத்தோ சொல்ல மாட்டேன்.

மறைந்தவரின் மனைவி


அக்டோபர் 29

அண்ணிக்கு,

நேற்று கோர்ட்டில் உங்களைப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி சாப்பிடவில்லை. இளைத்துவிட்டீர்கள்.

நீங்கள் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம், மூன்றாவது சாட்சி கிடையாது. "கிளம்பும்போது என்ன சொல்லி அனுப்பினீங்க?" என்று வக்கீலம்மா கேட்டதும், "போயிட்டு வான்னு சொன்னேன்" என்று பட்டென்று சொல்லிவிட்டீர்கள். என் கேஸுக்கு உதவும் என்று தெரிந்தே சொன்னீர்கள். இப்படிப்பட்ட மனுஷியைப் பார்த்து வேடிக்கை பார்த்தீர்கள் என்று எந்த வாயால் சொன்னேன் என்று கூண்டிலேயே எனக்குக் கூசிப்போயிற்று.

நீதிபதி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டார். "இங்க தண்டனை வாங்கிட்டுப் போறவங்களையும் நம்ம எழுத்தர் போயிட்டு வாங்கன்னுதான் அனுப்புறார். எல்லாரும் திரும்பி வந்தா நான் எங்கே உட்கார்றது?" என்றார். கூடமே சிரித்தது, எழுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. அதோடு என் ஒரே பிடியும் போயிற்று. நவம்பர் 27-க்குப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்குத் தீர்ப்பு சொல்லிவிடுவார், எதிராகத்தான் வரும் என்று வக்கீலம்மாவே சொல்லிவிட்டார்.

அதனால் இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது. சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தெரு என் பகுதியில் வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவேன். மீட்டர் பின்பக்கம் இருப்பதால் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து எழுதிக்கொண்டு போய்விடுவேன், வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டேன். அண்ணன் இருந்தபோது உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்குப் பதினெட்டு யூனிட் ஓடும். அவர் போனபிறகு பதினொன்று ஆயிற்று. ஒரு ஆளுக்கு அது சரி. ஏப்ரலில் ஏழு. ஜூனில் மூன்று. மூன்று யூனிட்டில் ஒரு மனுஷி இரண்டு மாதம் சமைத்து, குளித்து, துவைக்க முடியாது அண்ணி. எனக்குத் தெரியும், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆகஸ்ட் 22-ஆம் தேதி வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன், முள் ஜூனில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மீட்டர் கெட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை விடுதிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் "மேடத்தை ரெண்டு நாளா பார்க்கலையே" என்றாள். சனிக்கிழமை முழுக்க நான் நானாகவே இல்லை. எதிர் வீட்டில் கேட்டிருக்கலாம், கேட்டால் உங்கள் காதுக்கு வந்துவிடும், நான் உங்களைப் பற்றி விசாரித்தேன் என்று ஆகிவிடும். அவ்வளவு திமிர் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து கதவைத் தட்டினேன். ஆறு தடவை தட்டினேன். அப்புறம்தான் சாவி போட்டேன்.

உங்களைத் தேடினேன் அண்ணி. ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். குளியலறைக் கதவையும் திறந்தேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். அடுப்பில் தூசி, வாளி காய்ந்து கிடக்கிறது, ஒரு டம்ளர்கூட ஈரமில்லை. குழாயைத் திறந்தேன். முதலில் செம்பழுப்பாக வந்தது, நாள்கணக்கில் திறக்காத குழாயில் அப்படித்தான் வரும். அது தெளியட்டும் என்று நின்றுகொண்டிருந்தபோதுதான் போலீஸ் வந்தார்கள். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று எனக்கு முதலில் சொன்னது அந்த ஏட்டுதான். "வீட்டுக்காரம்மா போன்ல பேசினாங்க, யாருக்கும் அனுமதி இல்லைன்னுட்டாங்க" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இதைக் கோர்ட்டில் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் வீட்டு மீட்டர் எண்ணைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் அன்றைக்கே அட்டை ரத்து, அது எங்கள் முதல் விதி. இந்தக் கடிதம் என் அலுவலகத்தில் யார் கையில் கிடைத்தாலும் போதும். அதை உங்கள் கையில்தான் கொடுக்கிறேன்.

மன்னிப்பு கேட்காதே என்று வக்கீலம்மா சொன்னது வீட்டுக்குள் வந்ததற்கு. அந்தச் சமையலறையில் சொன்ன வார்த்தைக்கு எந்தக் கோர்ட்டும் கிடையாது. அதற்கு மன்னித்துவிடுங்கள். அண்ணன் போனதை என்னால் தாங்க முடியவில்லை, யார் மேலாவது போட வேண்டியிருந்தது, பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

நாத்தனார்


நவம்பர் 5

உனக்கு,

முதலில் கோபம்தான் வந்தது. என் வீட்டு மீட்டரைப் பார்த்து நான் எத்தனை தடவை குளித்தேன், எவ்வளவு சோறு வடித்தேன் என்று எண்ணிக்கொண்டிருந்தாயா? நாத்தனார் என்றால் அடுக்களையை எட்டிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சுவருக்கு வெளியே நின்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற நாத்தனார் எனக்குத்தான் வாய்த்திருக்கிறாள்.

கடிதத்தை மூன்று நாள் கழித்து மறுபடி படித்தேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

நான் அந்த வீட்டில் இல்லை. விடுதியில் வார்டனுக்கு என்று மாடியில் ஒரு அறை உண்டு. முதலில் வாரத்துக்கு ஒரு ராத்திரி, மழை என்று சாக்குச் சொல்லித் தங்கினேன். அப்புறம் இரண்டு, மூன்று. ஜூனிலிருந்து அங்கேதான். வாரம் ஒருமுறை போய்த் தபால் மட்டும் எடுத்து வருவேன், உள்ளே போகாமல். யாருக்கும் தெரியாது, தையல்காரரைத் தவிர. பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பாவம், அவர் பார்த்துக்கொண்டார்.

நீ போன் செய்த நாளில் எனக்குக் காய்ச்சல். நாலு நாள் அந்த அறையில் கிடந்தேன். நான் கீழே வரவில்லை என்று கவனித்த ஆள் அந்தப் போன் எடுத்த பெண் ஒருத்திதான், அதுவும் நீ கேட்டதால். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

இன்னும் ஒன்றை நான் உன்னிடம் மறைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போலீஸ் போன் செய்தபோது, வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள், யாருக்காவது அனுமதி கொடுத்தீர்களா என்றுதான் கேட்டார்கள். நீ என்று தெரியாது. இல்லை என்றேன். அது தப்பில்லை. அரை மணி கழித்து மறுபடி பேசினார்கள். "உங்க நாத்தனாராமே, விட்டுடலாமா?" என்றார் அந்த ஏட்டு. நல்ல மனுஷர், இரண்டு தடவை கேட்டார். எனக்கு உன் வார்த்தை மட்டும்தான் ஞாபகம் வந்தது. "எழுதிக்குங்க" என்று சொன்னேன். உன்னைக் கோர்ட்டுக்கு அனுப்பியது தையல்காரரும் இல்லை, காய்ச்சலும் இல்லை, நான்தான். தெரிந்தே செய்தேன்.

உன் அண்ணன் போவதற்கு முந்தைய அந்த இரண்டு நாளைப் பற்றியும் கேட்டுக்கொள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் அவரைக் கெஞ்சினேன். வாயுத் தொல்லை, ஒரு கஷாயம் போதும் என்றார். உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். "அவகிட்டச் சொல்லாதே, வந்து உசிரை வாங்குவா" என்று போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். நான் அவர் பேச்சைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நீ சொன்ன வார்த்தை எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது தெரியுமா? அதையேதான் நான் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். விடுதி அடுப்பு பெரியது, ஒரு நொடியில் போயிற்று.

27-ஆம் தேதி வருகிறேன். உன் வக்கீலம்மாவிடம் என்ன பேப்பரில் எங்கே கையெழுத்து என்று கேட்டு வை.

அண்ணி


நவம்பர் 28

அண்ணிக்கு,

நேற்று நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் என்று கிளம்பிவிட்டீர்கள். அதனால் கூண்டிலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

எல்லாம் ஐந்து நிமிஷம்தான், வழக்கத்தைவிட ஒரு நிமிஷம் கூட. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னதும் நீதிபதி சந்தோஷமாகப் பேனாவை எடுத்துவிட்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். கேட்க வேண்டியது முறையாம். இல்லை என்றீர்கள். "அப்போ ஏம்மா? ரெண்டு மாசமா பிடிவாதமா இருந்தீங்களே?" என்றார்.

நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மீட்டர் என்று ஒரு வார்த்தை வந்தால் போச்சு. வக்கீலம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல ஆள் இல்லாம கிடந்துச்சு ஐயா. நான் இருக்கேனா செத்தேனான்னு யாராவது வந்து பார்க்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. இவ ஒருத்திதான் வந்தா. வந்தவளை நான் போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துட்டேன்" என்றீர்கள்.

நீதிபதி எழுத்தர் பக்கம் திரும்பினார். சமரசம் ஆனதால் வழக்கு முடித்து வைக்கப்படுகிறது என்று எழுதச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை. இந்த மாதிரிக் குடும்பத் தகராறில் வழக்கமாகப் போடுவதாம், ஓராண்டுக்கு வீட்டு உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைய மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். எழுத்தர் முத்திரை குத்தினார்.

இன்று காலை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு கழிவறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். பகுதியை மட்டும் மாற்றிவிட்டார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம். உங்கள் தெருவுக்கு இனி வேறு ஆள் வருவார். நல்லவர்தான், ஆனால் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுவாரே தவிர ஏன் நிற்கிறது என்று யோசிக்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

ஆகவே ஓராண்டுக்கு நான் உங்கள் வாசல் பக்கம் வர முடியாது. கேஸ் ஜெயித்தும் இப்படி. ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் பார்வையாளர் நேரம் எத்தனை மணி என்று எழுதுங்கள். அங்கே வந்து பார்க்கிறேன்.

நாத்தனார்


டிசம்பர் 4

சம்பந்தப்பட்ட எல்லோருக்கும், முக்கியமாக எதிர் வீட்டுத் தையல்காரருக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவர் என் கணவரின் தங்கை. என் பேரில் உள்ள வீட்டுக்குள் எந்த நாளும், எந்த நேரமும், சொல்லியும் சொல்லாமலும், அடையாள அட்டையோடும் இல்லாமலும் வந்து போகவும், தங்கவும், சமைக்கவும் இதன் மூலம் முழு மனதோடு அனுமதி அளிக்கிறேன். குழாயைத் திறக்கலாம். திறந்தால் மூட வேண்டும்.

மேலே உள்ளது கோர்ட்டுக்கு. எழுத்தரிடம் காட்டினேன். இவ்வளவு நீளம் தேவையில்லை, ஆனால் செல்லும் என்றார். இனி உனக்கு.

பார்வையாளர் நேரம் எல்லாம் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. நீ அங்கே வந்து வரிசையில் நிற்க வேண்டாம்.

நீ சொன்ன அந்த வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை. மறந்துவிடுவேன் என்று எழுதிக் கொடுக்கவும் முடியாது. நான் ஏட்டிடம் சொன்னது உனக்கும் மறக்காது. அது பாட்டுக்கு இருக்கட்டும். இருக்கிறதே என்று பேசாமல் கிடந்து செத்துப் போக முடியுமா?

விடுதி அறையைக் காலி செய்கிறேன் என்று மேலிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். உன் சாவியைப் போலீஸ் எங்கேயோ தொலைத்துவிட்டார்கள், அதனால் ஒரு சாவியைத் தையல்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். மறக்காமல் இந்தக் கடிதத்தை முதலில் அவரிடம் காட்டு, இல்லாவிட்டால் மறுபடி போன் போடுவார்.

நான் வர ஆறு மணி ஆகும், அதற்குள் இருட்டிவிடும். அவர் போன பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து அந்தக் கதவைத் திறந்து, இருட்டுக்குள் கையை விட்டு சுவிட்சைத் தேடுவேன். ஒரு நாள் முடியவில்லை. திரும்பி விடுதிக்கே போய்விட்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது. யாரிடமும் சொன்னதில்லை. நூற்றிருபது பெண்களை அதட்டுகிறவளுக்குச் சொந்த வீட்டுக்குள் போகப் பயம் என்று எப்படிச் சொல்வது?

நீ ஐந்து மணிக்கே போய்விடு. எல்லா அறையிலும் விளக்கைப் போட்டு வை. நான் வந்து தட்டுகிறேன், நீ உள்ளே இருந்து கதவைத் திற.

அண்ணி